நோக்கம்: மற்றவை

எங்கள் குடும்பத்தில் யாரும் யாருக்கும் விளக்கம் சொன்னதில்லை. சேலத்தில் நன்றாக நடந்துகொண்டிருந்த வியாபாரத்தை விட்டுவிட்டு என் தகப்பனார் ஏற்காடு கடைவீதியில் காப்பித்தூள் கடை வைத்தபோது, ஏன் மலையேறினீர்கள் என்று கேட்காத உறவினர் இல்லை. கேட்டவர்களுக்கெல்லாம் அவர் ஒரு டம்ளர் காப்பி கொடுத்தார், பதில் கொடுக்கவில்லை. நானும் அப்படியே இருந்துவிட்டேன். அதன் விளைவாக அறுபத்தொன்பதாவது வயதில் எழுபத்தேழு அங்குல டிவி வாங்க வேண்டியதாயிற்று.

மூன்று வருடத்துக்கு முன்பு என் மனைவி ஹலீமாவின் தம்பி அன்வர், தன் மகனுக்கு என் இளைய மகள் ஆஸ்மாவைப் பெண் கேட்டார். பார்க்கலாம் என்றேன். ஒரு வாரம் கழித்து அவர் மறுபடியும் வந்தார். சரிப்பட்டு வராது என்றேன். ஏன் என்று கேட்டார். காப்பி கொடுத்தேன்.

காரணத்தை அவரே தயாரித்துக்கொண்டார். ஆஸ்மா என்னை எதிர்த்துப் பேசிவிட்டாள், என் சொல் என் வீட்டிலேயே எடுபடவில்லை, பெண் வீம்புக்காகக் கடையில் காப்பிக்கொட்டை வறுக்க உட்கார்ந்துவிட்டாள் என்று சேலத்தில் அவர் சொல்லாத கல்யாண மண்டபம் கிடையாது. மூன்று வருடமாக நான் போகும் இடமெல்லாம் யாராவது ஒருவர் என் முதுகைத் தடவிக்கொடுக்கிறார். எங்கள் குடும்பத்தில் முதுகு நிமிர்ந்து நிற்பதற்காக இருப்பது; அடுத்தவர் தடவுவதற்காக அல்ல.

இதற்கிடையில் ஆஸ்மா வறுத்த காப்பித்தூள் பெங்களூர் வரை போய்விட்டது. தொலைக்காட்சி ஒன்றின் ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சிக்கு அவளைச் சென்னைக்குக் கூப்பிட்டுப் பேட்டி எடுத்தார்கள். முடிந்ததும் எனக்குப் போன் செய்தாள்.

"அத்தா, மாமா பொண்ணு கேட்டப்ப நீங்க என்கிட்ட என்ன சொன்னீங்களோ, அதை அப்படியே சொல்லிட்டேனுங்க. வெட்டாமப் போடறோம்னு சொல்லியிருக்காங்க."

நான் அன்று சொன்னது எனக்கும் அவளுக்கும் மட்டுமே தெரியும். யோசித்துப் பார்த்தேன். நான் வாயைத் திறக்க வேண்டியதில்லை. டிவி சொல்லிவிடும். அன்வர் அதன் எதிரில் உட்கார்ந்திருந்தால் போதும்.

அன்வருக்கும் செய்தி போய்விட்டிருந்தது. எல்லாரும் தன் வீட்டுக்கு வந்து பார்க்கலாம் என்று அழைத்தார். எங்கள் பழைய டிவியில் பிள்ளையின் முகம் தெரிவதற்குள் நிகழ்ச்சி முடிந்துவிடும் என்றும் சொன்னார். அது உண்மைதான். அந்த டிவிக்கு முன்னால் இருப்பதைவிடப் பின்னால் இருப்பது அதிகம். வலது மூலையில் யார் வந்து நின்றாலும் பச்சையாகிவிடுவார்கள். ஆனால் இந்த அப்துல் காதரின் மகளை அப்துல் காதரின் வீட்டில்தான் பார்க்க வேண்டும். நீங்கள் குடும்பத்தோடு இங்கே வாருங்கள், பெரிய டிவி இருக்கும் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். நிகழ்ச்சிக்கு இருபத்தைந்து நாள் இருந்தது. ஒரு டிவி வாங்க அது தாராளமான அவகாசம் என்று நினைத்தேன்.

மறுநாளே மகன் நவாஸைக் கூட்டிக்கொண்டு சேலத்துக்கு இறங்கினேன். கம்பெனியின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவர்களே வேண்டிய அளவு சொல்லிக்கொள்கிறார்கள். அது கடையும் அல்ல, காட்சி அனுபவ மையம். வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்லி வெள்ளைக் காலுறை கொடுத்தார்கள். டிவி வேண்டும் என்று சொன்னதற்கு, அங்கே டிவி விற்பதில்லை, பொருத்தமான குடும்பங்களோடு டிவியைச் சேர்த்து வைக்கிறோம் என்று பதில் வந்தது. எங்களைக் கவனித்துக்கொண்டவள் ஷெர்லின் என்ற பெண். காட்சி ஆலோசகர் என்று சட்டையில் எழுதியிருந்தது. மரியாதை தெரிந்த பிள்ளை. அவள்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

முதலில் ஓர் இருட்டறைக்கு அழைத்துப் போனாள். நானும் நவாஸும் நாற்காலியில் உட்கார்ந்தோம். கதவு மூடப்பட்டது. ஐந்து நிமிடம் ஒன்றும் தெரியவில்லை. மின்சாரம் போய்விட்டதா என்று நவாஸ் மெல்லக் கேட்டான்.

"ஓடிட்டுத்தான் இருக்குதுங்க சார்" என்றாள் ஷெர்லின் பயபக்தியுடன். "இதுதான் உண்மையான கருப்பு."

எங்கள் பழைய டிவியும் அணைத்து வைத்தால் இதே கருப்பாகத்தான் இருக்கும், இருபது வருடமாகப் பார்த்து வருகிறேன் என்றேன். அவள் வருத்தப்பட்டாள். அது வெறும் இருட்டு, இது கருப்பு, பழகாத கண்ணுக்கு முதலில் வித்தியாசம் தெரியாது என்றாள். எங்களுக்குப் பின்னால் இருந்த ஒருவர் இரண்டாவது முறையாக அதே கருப்பைப் பார்க்க வந்திருந்தார். அவர் நெடுமூச்சு விட்டதைக் கேட்டேன்.

பிறகு ஒரு படிவம் வந்தது. முதல் பெயர் என்ன, குடும்பப் பெயர் என்ன என்று கேட்டாள். எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, குடும்பம்தான் உண்டு என்றேன். கம்ப்யூட்டர் ஒப்புக்கொள்ளவில்லை. அப்துல் என்பதை ஒரு கட்டத்திலும் காதர் என்பதை இன்னொரு கட்டத்திலும் போட்டாள். அப்துல் என்றால் அடியான் என்று பொருள். யாருடைய அடியான் என்பது இறைவன் பெயரான அடுத்த பாதியில்தான் இருக்கிறது. இரண்டையும் பிரித்தால் நான் யாருடைய அடியான் என்பதைக் கம்பெனி தீர்மானிக்கும்படி ஆகிவிடும் என்று விளக்கினேன். சிரித்தபடி அடுத்த கேள்விக்குப் போனாள்.

டிவி வாங்கும் நோக்கம் என்ன? திரைப்படம், விளையாட்டு, இசை, கல்வி என்று வரிசையாக இருந்தது.

"என் மச்சினன் உட்கார்ந்து பார்க்கோணும்" என்றேன்.

அவள் பட்டியலை மேலும் கீழும் தேடினாள். "அப்ப மற்றவைன்னு போட்டுக்கறேனுங்க சார்."

அன்றே டிவியைக் கொடுத்துவிடுவார்கள் என்று நான் எதிர்பார்த்தது என் அறியாமை. வீடு தேர்வு பெற வேண்டுமாம். ஆறு நாள் கழித்து மலைப்பகுதி நிறுவல் அலுவலர் தனபால் வந்தார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் அளக்கும் கருவி. எங்கள் கூடத்தின் அகலம் பத்தடி. எழுபத்தேழு அங்குலத்துக்குப் பதினோரு அடி வேண்டும். பின்சுவரை ஓர் அடி தள்ளி வைக்க முடியுமா என்று கேட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் சேலம் பஸ் போகிறது என்றேன். அதையும் எட்டிப் பார்த்துவிட்டு, 'எதிர்காலத்தில் பரிசீலிக்கலாம்' என்று எழுதிக்கொண்டார்.

"ஏனுங்க, ஊட்டுக்குள்ள பனி வருமுங்களா?"

ஏற்காட்டில் சன்னலைத் திறந்தால் மூடுபனி வரும், அதற்காகத்தான் கீழே இருப்பவர்கள் செலவழித்து இங்கே வருகிறார்கள் என்றேன். பனி பட்டால் டிவி தாங்காது, இனி வராது என்று எழுத்தில் ஓர் உறுதிமொழி வேண்டும் என்றார். சேர்வராயன் மலையின் மூடுபனி சார்பில் நான் கையெழுத்திட்டேன். என் கையெழுத்துக்கு இதுவரை மாசு வந்ததில்லை. அதனால் மறுநாள் முதல் ஹலீமா சன்னலுக்குப் பக்கத்தில் ஒரு துண்டோடு நின்றாள்.

புறப்படும்போது அவர் ஓர் உரை நிகழ்த்தினார். "எங்க டிவியை வாங்கறவங்களை நாங்க வாடிக்கையாளர்னு சொல்றதில்லீங்க. பாதுகாவலர்னு சொல்றோம். டிவி உங்களுக்கு என்ன செய்யுதுன்னு நீங்க கேக்கக் கூடாதுங்க. நீங்க டிவிக்கு என்ன செஞ்சீங்கன்னு நாங்க கேப்போம். வருஷத்துக்கு ரெண்டு தடவை வந்து கேப்போம்."

கம்பெனி வண்டி மலையடிவாரம் வரைக்கும்தான் வரும். இருபது கொண்டை ஊசி வளைவுகள் அவர்கள் வரைபடத்தில் 'அபாயப் பகுதி' என்று இருந்தன. மேலே கொண்டுவருவது பாதுகாவலரின் பொறுப்பு. முப்பது வருடமாகக் கொட்டச்சேட்டு எஸ்டேட்டுகளிலிருந்து என் கடைக்குக் காப்பிக்கொட்டை ஏற்றிவரும் ஜீப்காரர் ஐயாக்கண்ணுவை அனுப்பினேன். பெட்டியின் மேல் ஒரு வெள்ளை ஒட்டுத்தாள் இருந்தது. பெட்டி கொஞ்சம் சாய்ந்தாலும் அது சிவந்துவிடும். ஐயாக்கண்ணு மூன்று மணி நேரம் எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். பதிமூன்றாவது வளைவில் எதிரே வந்த பஸ்ஸைப் பின்னால் போகச் சொல்லிவிட்டதாகச் சொன்னார்.

"புள்ளைத்தாச்சிப் பொம்பளையைக் கூட்டிட்டு வர்ற மாதிரி வந்தேனுங்க பாய். பஸ்ஸுக்காரன் பேசுன பேச்சை மட்டும் கேக்காதீங்க."

ஒட்டுத்தாள் வெள்ளையாகவே இருந்தது. தனபாலுக்கு அது சந்தேகத்தைக் கொடுத்தது. இருபது வளைவு ஏறியும் சிவக்கவில்லை என்றால் தாளில் ஏதோ கோளாறு என்றார். சோதிப்பதற்காகப் பெட்டியைச் சாய்த்துப் பார்த்தார். சிவந்தது. சரியாக வேலை செய்கிறது என்று திருப்தியோடு எழுதிக்கொண்டார். ஆனால் இப்போது தாள் சிவந்துவிட்டதால் விசாரணை முடியாமல் பெட்டியைத் திறக்கக் கூடாது. நான்கு நாள் விசாரணை நடந்தது. விசாரித்தவர் தனபால். சாட்சி தனபால். பெட்டி தானாகவே சாய்ந்ததாக முடிவாயிற்று.

அதன்பின் மலையேறிய களைப்பு நீங்க டிவி ஒரு நாள் முழுக்கப் பெட்டிக்குள் ஓய்வெடுத்தது. அதுவரை கூடத்தில் உரக்கப் பேச வேண்டாம் என்றார்கள். சுவரில் துளை போட ஒருவரும், துளையில் மாட்ட வேறொருவரும் வந்தார்கள். மாட்டியவர் கண்ணாடி மேல் ஒட்டியிருந்த மெல்லிய தாளை அப்படியே விட்டுவிட்டுப் போனார். நவாஸ் அதன் ஓரத்தைப் பிடித்தான். தனபால் அலறிவிட்டார். அதை உரிப்பதற்குத் தனி அலுவலர் இருக்கிறாராம். அந்த மனிதர் இரண்டு நாள் கழித்துச் சேலத்திலிருந்து பஸ்ஸில் வந்தார், கை கழுவினார், நான்கு விநாடியில் உரித்தார், மூன்று இடத்தில் கையெழுத்து வாங்கினார், உரித்த தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார். தாள் கம்பெனிக்குச் சொந்தம்.

கடைசியாகத் தனபால் டிவிக்கு உயிர் கொடுத்தார். "நல்வரவு, அப்துல்" என்றது அது, கம்பீரமான ஆண் குரலில். என்னைப் பெற்றவர்கள்கூட அப்படிக் கூப்பிட்டதில்லை.

இனி ரிமோட் தேவையில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் விழித்துக்கொள்ளும், சொன்னதைச் செய்யும் என்றார் தனபால். என்ன பெயர் என்று கேட்டேன்.

"கண்ணுங்க."

"என்னது?"

"கண்ணு. முந்தி ஏதோ இங்கிலீஷ் பேரு வெச்சிருந்தாங்க. நம்ம பக்கத்துல யாருமே கூப்புடலீங்க. அப்பறம் தலைமை அலுவலகம் ஆராய்ச்சி பண்ணுச்சுங்க. ஊட்டுக்குள்ள ஜனங்க எந்த வார்த்தையை நொம்பச் சொல்றாங்கன்னு ஊடு ஊடா ஏறி எண்ணுனாங்க. கண்ணுன்னு வந்துது. அதையே வெச்சுட்டாங்க."

நாள் முழுக்கச் சொல்லும் வார்த்தையை வைத்தால் நாள் முழுக்க விழித்துக்கொண்டல்லவா இருக்கும் என்றேன். தனபாலின் முகம் மலர்ந்தது.

"அதுதானுங்க வெற்றியே. மத்த மாவட்டத்துல எல்லாம் ஒரு நாளைக்கு நாலு தடவை முழிக்குது. இங்க நானூறு தடவை. பயன்பாட்டுல நம்ம மண்டலம்தான் முதல் இடம். எங்க மேனேஜருக்குக் கேடயம் குடுத்திருக்காங்க."

அவர் போய்ப் பத்து நிமிடம் ஆகியிருக்காது. நவாஸின் மகள் சுமையாவுக்கு நாலு வயது. அவள் பின்னாலேயே தட்டை எடுத்துக்கொண்டு வந்த ஹலீமா, "கண்ணு, சோறு ஆறுது" என்றாள்.

"சொல்லுங்க, அப்துல்" என்றது சுவர். "ஆறாவது சேனலுக்கு மாற்றுகிறேன்."

ஹலீமா சட்டென்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். யாரோ அந்நிய ஆள் கூடத்துக்கு வந்திருப்பதாக நினைத்துவிட்டாள். கதவுக்குப் பின்னால் நின்றபடியே, வந்தவருக்குக் காப்பி போடலாமா என்று என்னைக் கேட்டாள். அந்த வாரம் முழுக்க அவள் கூடத்தில் முக்காட்டோடுதான் நடமாடினாள்.

மறுநாள் மூட்டைகளோடு வந்த ஐயாக்கண்ணுவை வாசலில் பார்த்து, வாங்க ஐயாக்கண்ணு என்றேன். "சொல்லுங்க, அப்துல்" என்றது டிவி. தன்னை யாரோ பெரிய மனிதர் விசாரிப்பதாக நினைத்து ஐயாக்கண்ணு தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"ஒண்ணுமில்லீங்க. மூட்டை வந்திருக்குதுங்க."

டிவி ஒரு கணம் யோசித்தது. பிறகு எழுபத்தேழு அங்குலத்தில் ஒரு மூட்டைப்பூச்சியைக் காட்டியது. அதன் கால் மயிரைக்கூட எண்ணலாம் போலிருந்தது. அப்போதுதான் வீட்டை ஒட்டிய கடைக்கு வந்திருந்த, எஸ்டேட்டில் கணக்கெழுதும் இரண்டு ரைட்டர்கள் அதைப் பார்த்துவிட்டு, பிறகு வருகிறோம் என்று போய்விட்டார்கள். ஐயாக்கண்ணு மட்டும் கொஞ்ச நேரம் மரியாதையாக நின்று பார்த்தார்.

எங்கள் பேச்சில் பாதி அதற்குப் புரியவும் இல்லை. 'ஊடு' என்ற பெயரில் திரைப்படம் எதுவும் கிடைக்கவில்லை என்று ஒரு நாளில் பதினெட்டு முறை வருத்தம் தெரிவித்தது. அதன் காதை அடைக்க வழி உண்டா என்று ஆஸ்மா தேடிப் பார்த்தாள். வழி இருந்தது, ஆனால் சாம்பல் நிறத்தில் இருந்தது, அமுங்கவில்லை. முதல் முப்பது நாள் 'கற்றல் காலம்'. அது நம் குடும்பத்தைப் புரிந்துகொள்ளும்வரை நாம்தான் பொறுத்துப் போக வேண்டும். தனபாலுக்குப் போன் செய்தேன். குழந்தையைச் சாமி என்று கூப்பிட்டுப் பாருங்களேன், இந்தப் பக்கம் அதுவும் வழக்கம்தானே என்றார். பிறகு தான் யாரிடம் பேசுகிறோம் என்பது நினைவுக்கு வந்து, வேறு ஏதாவது யோசிக்கிறேன் என்று வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமைக்கு ஐந்து நாள் இருந்தது. நான் முடிவெடுத்தேன். இந்த வீட்டில் இனி அந்த வார்த்தையை யாரும் சொல்லக் கூடாது. எல்லாரையும் முழுப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். வீடு நீதிமன்றம் மாதிரி ஆயிற்று. சுமையா பேகம், சாப்பிட வரவும் என்று ஹலீமா கூப்பிட்டதும் குழந்தை கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. என்ன தப்புச் செய்தோம் என்று அதற்குத் தெரியவில்லை. அன்று சாயங்காலம் என் மடியில் வந்து உட்கார்ந்துகொண்டு கேட்டது.

"தாத்தா, இப்ப நான் கண்ணு இல்லீங்களா?"

"சொல்லுங்க, அப்துல்" என்றது டிவி.

நான் இரண்டு பேருக்கும் பதில் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்தரைக்கு அன்வர் குடும்பத்தோடும் பொதுவான உறவினர்களோடும் வந்து இறங்கினார். மொத்தம் இருபத்திரண்டு பேர். வாசலில் நவாஸ் ஓர் அட்டை எழுதித் தொங்கவிட்டிருந்தான்: 'உள்ளே க-ண்-ணு என்று யாரையும் அழைக்க வேண்டாம்.' அன்வர் அதை இரண்டு முறை படித்தார்.

"சொந்தக்காரங்க ஊட்டுக்கு வாயைக் கட்டிட்டு வரோணுமுங்களா மச்சான்?"

"ஒரு மணி நேரந்தான்" என்றேன். அவரை நடுநாயகமாக, தனபால் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் குறித்துவிட்டுப் போன இடத்தில் உட்கார வைத்தேன். ஐயாக்கண்ணுவும் வந்திருந்தார். தன் பெயரால் இடைஞ்சல் வரக் கூடாது என்று வெளியிலேயே நிற்கப் பார்த்தார். அவரை உள்ளே அழைத்து உட்கார வைத்தோம். பெயர் சொல்லாமல் கையைக் காட்டி. சன்னலுக்குப் பக்கத்தில் ஹலீமா துண்டோடு தயாராக இருந்தாள். ஆஸ்மா சமையலறை வாசலில் சாய்ந்து நின்றாள்.

பதினோரு மணிக்கு நிகழ்ச்சி தொடங்கியது. ஒப்புக்கொள்ள வேண்டும், படம் அபாரமாக இருந்தது. என் மகள் சுவர் நிறைய உட்கார்ந்திருந்தாள். வறுக்கும் எந்திரம் சுட்ட தழும்பு அவள் மணிக்கட்டில் இருப்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது. யாரும் இருமக்கூட இல்லை. பாதி நிகழ்ச்சியில், பேட்டி எடுத்த பெண் கேட்டாள்: வீட்டில் எதிர்ப்பு எதுவும் இருந்ததா?

அன்வர் நாற்காலியின் நுனிக்கு வந்தார். நான் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன். மூன்று வருடமாக நான் காத்திருந்த இடம் இதுதான்.

"எதிர்ப்பாங்க?" என்று சிரித்தாள் டிவியில் இருந்த ஆஸ்மா. "மாமா ஊட்டுல பொண்ணு கேட்டிருந்தாங்க. எனக்கு இந்த வேலையை விட்டுட்டுப் போக மனசில்லை. அத்தா முன்னாடி போய் நின்னேன், வாயே வரலீங்க. அவரா என் மூஞ்சியைப் பாத்துட்டுச் சொன்னாரு, 'கண்ணு—'"

படம் சுருங்கி மூலைக்குப் போயிற்று. சத்தம் அடங்கிற்று.

"சொல்லுங்க, அப்துல்."

வீட்டில் இருந்த எல்லாருக்கும் தடை போட்டிருந்தேன். டிவிக்குள் இருந்தவளுக்குப் போடவில்லை.

மூலையில் ஓர் உள்ளங்கை அளவுக்கு ஆஸ்மாவின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. நவாஸ் ரிமோட்டைத் தேடினான். ஒழுங்காப் போடு என்று யாரோ கத்த, 'ஒழுங்கு' என்ற தலைப்பில் உரைகளைத் தேடுவதாக டிவி அறிவித்தது. அது தேடி முடித்துப் படத்தைத் திருப்பிக் கொடுத்தபோது, பேட்டி எடுத்த பெண் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இப்படி ஓர் அப்பா கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றாள். விளம்பரம் வந்தது. பின்னால் ஓட்டிப் பார்க்கும் வசதி கற்றல் காலத்துக்குப் பிறகுதான்.

கூடத்தில் இருபத்திரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு சமையலறை வாசலைப் பார்த்தார்கள். அன்வரால் பொறுக்க முடியவில்லை.

"அப்படி என்னதான் கண்ணு சொன்னாரு உங்க அத்தா?"

"சொல்லுங்க, அப்துல்" என்றது டிவி.

ஆஸ்மா அசையவில்லை. "சொன்னவரு அங்கதானுங்க மாமா உக்காந்திருக்காரு. டிவியும் அவரைத்தானே சொல்லச் சொல்லுது."

நான் ஹலீமாவைப் பார்த்தேன். காப்பித் தட்டு அவள் கையில் தயாராக இருந்தது. என் தகப்பனார் காலத்திலிருந்து இப்படிப்பட்ட நேரங்களுக்காகவே எங்கள் வீட்டில் காப்பி போடுகிறோம். நாற்பத்து நான்கு வருடக் குடும்ப வாழ்க்கையில் முதன்முறையாக அவள் அந்தத் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சுவரோரம் போய் நின்றாள்.

எழுந்தேன். உட்கார்ந்துகொண்டு விளக்கம் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

"'கண்ணு, உனக்கு வேண்டாம்னா எனக்கும் வேண்டாம்'னு சொன்னேன். 'உங்க மாமாகிட்ட நான் சொல்லிக்கறேன். கோவிச்சுக்குவாரு. ஆனா நொம்ப நல்ல மனுஷன், திரும்பி வருவாரு. நீ போய்க் கொட்டையைப் பாரு, கருகுது.' இவ்வளவுதான் சொன்னேன்."

டிவி தன்னால் முயன்ற அளவு முயன்றுவிட்டு, "மன்னிக்கவும், இந்த வேண்டுகோளை நிறைவேற்ற முடியவில்லை" என்றது.

அன்வர் தரையில் இருந்த சுண்ணாம்புக் குறியையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதை அன்னிக்கே என்கிட்டச் சொல்லியிருக்கலாமுங்களே மச்சான்."

"காப்பி குடுத்தேனே."

"காப்பி பேசுமுங்களா?"

"அதுவும் அந்தக் கருகுன கொட்டையில போட்டதுதான் தம்பி" என்றாள் ஹலீமா சுவரோரத்திலிருந்து. "வீணாக்க வேண்டாம்னு உங்க மச்சான் அரைச்சு வெச்சிருந்தாரு."

அன்வர் நிமிர்ந்தார். "அதுதான் அப்படிக் கசந்துதா? நான் வேணும்னே குடுத்தாருன்னுல்ல மூணு வருஷமா நினைச்சிட்டிருக்கேன்."

முதலில் சிரித்தவர் ஐயாக்கண்ணு. அந்தக் கொட்டையை ஏற்றி வந்தவர் அவர்தான். அதன்பின் யாரும் அட்டையை மதிக்கவில்லை. எல்லாரும் எல்லாரையும் கண்ணு என்று கூப்பிட்டுக்கொண்டு சாப்பிட்டார்கள். டிவி ஆறாவது சேனலுக்கும் மூட்டைப்பூச்சிக்கும் இடையே ஓடிக்கொண்டிருந்தது. நிகழ்ச்சியின் மறுபாதியை யாரும் பார்க்கவில்லை. சன்னலை யாரோ திறந்துவிட, பனி உள்ளே வந்து எல்லார் மேலும் உட்கார்ந்தது. என் கையெழுத்தை நினைத்துக்கொண்டேன். அன்வர் மூன்று டம்ளர் காப்பி குடித்தார். போகும்போது என் முதுகில் கை வைக்கவில்லை, கையைப் பிடித்தார்.

செவ்வாய்க்கிழமை ஷெர்லின் போன் செய்தாள். பாதுகாவலர் கருத்தறியும் அழைப்பாம். பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று பலவற்றைக் கேட்டுவிட்டுக் கடைசிக் கேள்விக்கு வந்தாள்.

"உங்க நோக்கம் மற்றவைன்னு போட்டிருக்குதுங்க சார். அது நிறைவேறுச்சுங்களா?"

"நிறைவேறுச்சு."

"அதுக்கு எந்த வசதி உங்களுக்கு நொம்ப உதவியா இருந்துதுங்க?"

"சரியான நேரத்துல பேச்சை நிறுத்துச்சு பாரு, அது."

அந்தப் பக்கம் தட்டச்சு நின்றது. "அப்படி ஒரு வசதி எங்க பட்டியல்ல இல்லீங்களே சார்."

"அதையும் மற்றவையில போட்டுக்க கண்ணு" என்றேன்.

"சொல்லுங்க, அப்துல்" என்றது சுவர்.

"சொல்லியாச்சு" என்றேன்.